காப்பு அவிழ்த்த பிறகு

கல்யாணத்துக்கு முன் மணமக்களின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுகிறோம். அதற்குப் பெயரே காப்பு. காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது இன்றைக்கும் பல குடும்பங்கள் விடாமல் வைத்திருக்கும் கட்டுப்பாடு. கயிற்றை அவிழ்த்த பிறகும் அது கொஞ்ச நாள் நீளும். புதிதாகத் தாலி ஏறியவள் உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகக் கூடாது, பொழுது சாய்ந்தபின் ஆளில்லாத வழியில் நடக்கக் கூடாது, காத்து கருப்பு அண்டும் என்பார்கள். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் பிள்ளைச்சாவடி போன்ற மீனவ ஊரில் இதைச் சொல்ல வீட்டுக்கு ஓர் ஆயாவாவது இருப்பார். அதே வீட்டில் பேரனின் கைப்பேசியில் முதுமலையும் தேக்கடியும் ஓடிக்கொண்டிருக்கும்: காட்டுக்குள் கூடாரம், மூங்கில் தெப்பம், யானை பார்க்க ஜீப். ஆயாவின் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு இடத்தைப் பதிவு செய்வது சுலபம். அவர் சொல்லும் காரணம் பொய்யாகவே இருக்கட்டும். அதற்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது, அது பொய் இல்லை. ஒருவரையொருவர் காப்போம் என்று ஊரறிய ஒப்புக்கொண்ட இருவர், அடுத்த வாரமே காசு கொடுத்து ஆபத்தைத் தேடிப் போவது அறமா?

இந்தக் கேள்வியைத் தமிழ் வெகுகாலத்துக்கு முன்பே கேட்டிருக்கிறது, ஆனால் தலைகீழாக. குறிஞ்சித் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த பொழுது நள்ளிரவு. அதன் உரிப்பொருள் கூடல். தலைவன் இரவில் மலை இறங்கிக் காட்டு வழியே வருகிறான். அந்த வழியில் யானை உண்டு, புலி உண்டு, கரடி உண்டு, மழையில் பெருகிய காட்டாறும் வழுக்கும் பாறையும் உண்டு. சாகசம் என்று இன்று நாம் எதையெல்லாம் பட்டியலிட்டு விற்கிறோமோ அத்தனையும் அங்கே இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பட்டியலிடுகிறவள் தோழி, அவள் பட்டியலிடுவது அவனைத் தடுப்பதற்காக. இப்படிப்பட்ட வழியில் நீ வருவதை நினைத்து இவள் தூங்கவில்லை, ஆகவே இரவில் வராதே, பெண் கேட்டு வந்து மணந்துகொள் என்பது அவள் வாதம். வரைவு கடாதல் என்று இதற்குத் துறையே வகுத்து வைத்தார்கள். அந்த உலகில் சாகசம் களவுக்கு உரியது, கற்பு தொடங்கும்போது அது முடிந்துவிடுகிறது. காட்டு வழியின் ஆபத்தை நிறுத்துவதற்கே கல்யாணம். நாம் வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் மண்டபம், பந்தி, மொய், மறுவீடு என்று எல்லாப் பாதுகாப்பையும் முடித்துக்கொள்கிறோம். அதன்பின் அந்தப் பாதுகாப்பு சலிப்புத் தட்டிவிடக் கூடாதே என்று ஆபத்தை வாடகைக்கு எடுக்கிறோம்.

வரிசை மாறியதாலேயே அது தவறு ஆகிவிடாது. தேனிலவு என்ற சொல்லே நமக்கு வெளியிலிருந்து வந்த சொல்லின் மொழிபெயர்ப்புத்தான். 1961-இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்தை எடுக்கக் காஷ்மீருக்குப் போனபோது, புதுமணத் தம்பதி என்றால் படகும் பனியும் என்று தமிழ்நாட்டுக்கு ஒரு கனவு கிடைத்தது. அந்தக் கனவில் ஆபத்து கிடையாது, அழகு மட்டுமே. ஊட்டியும் கொடைக்கானலும் அந்தக் கனவின் சிக்கனப் பதிப்புகளாக இருந்தன. படகுச் சவாரியும் தொப்பியும் சால்வையும் போதவில்லை என்று ஆனது பிற்பாடு. இன்று தேடுவது சிலிர்ப்பு. காண்ட் 1790-இல் எழுதிய நூலில் இந்தச் சிலிர்ப்பைப் பற்றி ஒரு கூர்மையான கவனிப்பு இருக்கிறது. இடியும் புயலும் எரிமலையும் நம்மை மேலே தூக்கும் அனுபவமாக வேண்டுமானால், நாம் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும் என்கிறார். உயிர்ப்பயம் நிஜமாகவே பிடித்துக்கொண்டால் அங்கே வியப்புக்கு இடமில்லை, ஓட்டம்தான். காட்டுத் தேனிலவின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் காண்ட் கேட்காத ஒன்றை நாம் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பான இடத்தை யார் கட்டித் தருகிறார்கள்? அங்கே நிற்பவரிடமிருந்து விலக்கப்பட்ட ஆபத்து எங்கே போகிறது?

இதற்குப் பதில் தெரிய பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் நின்று பார்த்தால் போதும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகளை நீட்டினார்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்பு அதை நிறுத்தியது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைந்தது. நகரத்தின் கடற்கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. அங்கே கல் கொட்டினால் அதற்கடுத்த ஊருக்குப் போனது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வடக்கு நோக்கி அது நடந்து வந்தது. தென்னை சாய்ந்தது, வலை உலர்த்திய மணல் போனது, வீட்டுச் சுவர் போனது. கரையைக் காக்கும் தூண்டில் வளைவு கேட்டு மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். கடலின் பலத்தில் ஒரு துளியும் குறையவில்லை; ஒருவர் வாசலிலிருந்து தள்ளப்பட்டது இன்னொருவர் வாசலில் போய் நின்றது, அவ்வளவுதான். அந்த இடிந்த சுவருக்கு முன்னால் நின்று அலையைப் படமெடுக்கும் வெளியூர்த் தம்பதிக்கு அது சிலிர்ப்பு. அதே அலையைத் தாண்டி விடியுமுன் படகு தள்ளுகிறவர் அதைச் சாகசம் என்று சொல்வதில்லை. 'தொழிலுக்குப் போறோம்' என்பார்.

என் வாதம் இந்தக் கல் தடுப்பிலிருந்து வருகிறது. புதுமணத் தம்பதி ஆபத்துள்ள இடத்துக்குப் போவதில் அறக்கேடு எதுவும் இல்லை. அந்த ஆபத்தைத் தம் மேலிருந்து தள்ளி வழிகாட்டியின் மேலும், காவலர் மேலும், விலங்கின் மேலும், காட்டின் மேலும் ஏற்றிவிட்டு, சிலிர்ப்பை மட்டும் தமக்கென வைத்துக்கொள்வதுதான் கேடு. காப்போம் என்ற வாக்கு இரண்டு பேருக்குள் முடிந்துவிடுவதில்லை. அக்கினியையும் அருந்ததியையும் ஊரையும் சாட்சி வைத்துக் கொடுக்கும் வாக்கு, அந்த இருவர் தொடும் மற்ற உயிர்களையும் கட்டுப்படுத்தாது என்றால், சாட்சிக்கு அத்தனை பேரை அழைத்தது எதற்கு?

கண்ணுக்குத் தெரிந்த உதாரணம் நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது. முதுமலை 1940-இல் சரணாலயமானது. அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா. 2007-இல் மொத்தமும் புலிகள் காப்பகம். அதை ஒட்டிய சீகூர் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வாசல். அந்த வாசலில் விடுதிகள் முளைத்தன. காட்டின் நடுவே இரவு, சன்னலைத் திறந்தால் யானை என்பது அவற்றின் விற்பனைச் சரக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் வழித்தடத்தை விட்டு விலகச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்தது. மூன்று மாதம் கழிந்து, 2021 ஜனவரியில் ஒரு காணொளி வெளிவந்தது. மசினகுடி அருகே, முதுகில் புண்ணோடு திரிந்த ஆண் யானை ஒன்று ஒரு தங்குமிடத்தின் பக்கம் வருகிறது. அதை விரட்ட எரியும் டயரை வீசுகிறார்கள். அது யானையின் தலையில் மாட்டிக்கொள்கிறது. தலையில் நெருப்போடு யானை இருட்டுக்குள் ஓடுகிறது. பிறகு அது இறந்தது. டயரை வீசியவர் குற்றவாளி என்று சொல்லி முடித்துவிடலாம், சட்டமும் அப்படித்தான் சொல்லும். ஆனால் யானை பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் கிட்ட வரக் கூடாது என்ற ஆசைக்கு யார் யாரெல்லாம் காசு கொடுத்தார்களோ, அவர்களுடைய பாதுகாப்பான இடத்தின் விலைதான் அந்த நெருப்பு. அறைக்குள் இருப்பவர் கதவைத் திறந்து பார்த்திருக்கக்கூட மாட்டார்.

எதிர்வாதங்கள் வரும், வலுவானதிலிருந்தே தொடங்கலாம். முருகனே அப்படித்தானே செய்தான் என்று கேட்கலாம். கச்சியப்பரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு முடிகிறது. தமிழர்கள் மனத்தில் நிற்கும் தெய்வக் காதல் அரண்மனையில் நடக்கவில்லை, தினைப்புனத்தில்தான் நடந்தது. அதிலும் ஆபத்து திட்டமிட்டு ஏற்பாடு செய்யப்பட்ட ஆபத்து. அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, வள்ளி பயந்து கிழவனாக நிற்கும் முருகனிடம் ஓடுகிறாள். இதைவிடக் கச்சிதமான சாகசப் பொட்டலத்தை எந்தச் சுற்றுலா நிறுவனமும் தந்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையை இன்னும் இரண்டு அடி கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். காடு வள்ளியின் வீடு. பரணில் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டுவது அவள் வேலை. விருந்தாளியாக வந்தவன் முருகன், வந்த இடத்தில் தன் உருவத்தோடு அவனால் நிற்க முடியவில்லை. வேடனாகிறான், வேங்கை மரமாகிறான், தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித் தின்னும் கிழவனாகிறான். பன்னிரு கையும் வேலும் அங்கே செல்லுபடியாகவில்லை. பின்னால் உடன்போக்கில் போகும்போது துரத்தி வந்த வேடர்கள் மாண்டு விழுகிறார்கள். அப்போது வள்ளியின் மனம் வெதும்புகிறது, விழுந்தவர்கள் எழுகிறார்கள், அதன்பின் அவள் ஊருக்கே திரும்பிப் போய் உறவினர் முன்னால் மணம் நடக்கிறது. காட்டுக்கு வந்தவன் காட்டு மக்களுக்கு உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்யாமல் அந்தக் கல்யாணம் முடியவில்லை. கடவுளுக்கே இதுதான் நிபந்தனை என்றால், இரண்டு இரவுக்குப் பணம் கட்டியவருக்கு அதில் சலுகை கேட்க முடியாது.

கதை வேண்டாம், நடப்பைப் பார் என்பவருக்கும் அதே முதுமலைக் காட்டில் ஒரு தம்பதி உண்டு. தெப்பக்காடு யானை முகாமின் பொம்மனும் பெள்ளியும் தாயற்ற குட்டிகள் ரகு, அம்மு இரண்டையும் வளர்த்ததை வைத்து எடுத்த ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்துக்குள்ளேயே அவர்களுடைய கல்யாணமும் நடக்கிறது. தேசியப் பூங்காவில் நடந்த காதல் கதை என்று உலகம் முழுக்கப் பார்த்த கதை இதுதான். அதில் சாகசம் என்ற வாசனையே இல்லை. பால் கரைப்பதும், குளிப்பாட்டுவதும், ராகி உருண்டையை ஊட்டுவதும், ஒரு நாள் குட்டியை வேறு பாகனிடம் கொடுத்துவிட்டு அழுவதும்தான் இருக்கின்றன. புலியும் யானையும் உண்மையிலேயே உயிரை எடுக்கும் இடத்தில் வாழ்கிறவர்கள் ஆபத்தை ரசிப்பதில்லை, அதற்கு இடம் விட்டு நடக்கிறார்கள். பிள்ளைச்சாவடியில் படகு தள்ளுகிறவருக்கும் அவர்களுக்கும் பேச்சு சட்டென்று புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடையவர் தொழிலாக வைத்த வள்ளுவருக்கும்தான்.

இன்னொரு எதிர்வாதம் பெண்ணின் பக்கமிருந்து வருகிறது, இதை எளிதில் தாண்டிப்போக முடியாது. நம் வீடுகளில் புது மணமகளுக்குத் தனிமை என்று ஒன்று கிடையாது. இரண்டு அறை வீட்டில் மாமியார், நாத்தனார், வந்து தங்கிய அத்தை, வாசலில் எட்டிப் பார்க்கும் தெரு. எழுந்த நேரம், குளித்த நேரம், சிரித்த சத்தம் எல்லாம் பேச்சாகும். அலர் என்று சங்கப் பாடல்கள் சொன்னது இன்றும் குழாயடியில் உயிரோடு இருக்கிறது. அவளுக்குக் காடு என்பது, கல்யாணத்துக்குப் பின் யாரும் பார்க்காத முதல் இடம். சேலையை மடித்துவிட்டு ஷூ மாட்டி நடக்கும் முதல் இடமும் அதுவாக இருக்கலாம். காத்து கருப்பு என்ற அச்சத்தைக் கொண்டு காலங்காலமாகக் கட்டிப்போடப்பட்டவள் அவள்தான். புளியமரத்தடிக்குப் போகாதே என்று மணமகனை அவ்வளவு அழுத்தமாக யாரும் சொன்னதில்லை. ஆகவே சாகசத்தைக் குறை சொல்லும் எந்த அறநெறியும் கடைசியில் ஆயாவின் தடைக்கே துணைபோகும் என்ற சந்தேகம் நியாயமானது. என் பதில், போகட்டும் என்பதுதான். அவள் நடக்கட்டும், மலை ஏறட்டும், மூச்சு வாங்கட்டும், பயப்படவும் செய்யட்டும். அவளுடைய விடுதலைக்கு யானை வழித்தடத்து விடுதியோ, சட்டவிரோத இரவுச் சவாரியோ தேவையில்லை. ஒருவர் கட்டுக்கு வெளியே வருவதற்கு இன்னோர் உயிரின் வழியை மறிக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

அவளைப் பற்றிப் பேசும்போது, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலிலேயே பிறந்த புனிதவதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரியபுராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும், ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவாக அதைக் கொண்டாடவும் செய்கிறோம். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை அவள் சிவனடியாருக்கு இட்டுவிடுகிறாள். அவன் இரண்டாவதையும் கேட்க, அவள் இறைவனை வேண்ட, கையில் பழம் வருகிறது. அதன் சுவை வேறாக இருப்பதைக் கண்டு விசாரிக்கிறான், உண்மையைச் சொல்கிறாள், அவன் கண்முன்னே இன்னொரு பழம் வந்து மறைகிறது. அதோடு அவன் அவளை மனைவியாக நினைக்க முடியாமல் அஞ்சிக் கப்பலேறிப் போய்விடுகிறான். அவன் அஞ்சாத வணிகன். கடல் கடந்து வியாபாரம் செய்தவன். கடலாபத்து அவனைத் தடுக்கவில்லை. சமையற்கட்டில் நின்றவளுக்குள் தன் கைக்கு அடங்காத ஒன்று இருந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சாகசத் தேனிலவைப் பற்றிப் பேசும் யாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான நம் திருமணங்களில் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர். ஜாதகம் பார்த்தோம், சம்பளம் பார்த்தோம், ஆளைப் பார்த்தது இரண்டு மூன்று முறை. அங்கே ஏற்கெனவே ஓர் அடர்ந்த காடு இருக்கிறது. புலியைப் பார்க்க நாலு மணிக்கு எழுந்து போகத் தயாராக இருப்பவன், பக்கத்தில் இருப்பவள் தனக்கு விளங்காத ஒன்றைச் சொல்லும்போது பொறுமையோடு கேட்கத் தயாராக இருக்கிறானா என்பது வேறு கேள்வி. காட்டுப் பயணம் அதற்குப் பயிற்சி ஆகலாம். காட்டில் எதையும் நம் விருப்பத்துக்கு வரவழைக்க முடியாது. மூன்று மணி நேரம் போய் ஒரு மயிலையும் பத்து மானையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் பெரும்பாலும் நடப்பது. அந்த ஏமாற்றத்தை இருவர் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதில் அவர்களுடைய அடுத்த முப்பது வருடம் கொஞ்சம் தெரிந்துவிடும்.

வரவழைக்க நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பெரிய உதாரணம் பஞ்சவடி. பொன்மானைப் பிடித்துத் தா என்ற ஆசையில் கதை முறிந்தது என்று சீதையைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம். அதே சீதை, வான்மீகியின் ஆரணிய காண்டத்தில் அதற்கு முன்பே ஒரு நல்ல வாதம் வைத்தாள் என்பதை மறந்துவிடுகிறோம். பகையில்லாத உயிர்களைக் கொல்லும் எண்ணம் வரக் கூடாது, காட்டில் ஆயுதத்தோடு திரிந்தால் மனம் அந்த ஆயுதத்தின் பக்கம் சாய்ந்துவிடும் என்கிறாள். இந்திரன் அடைக்கலமாகக் கொடுத்த வாளை, காப்பதற்காகவே எங்கும் எடுத்துப் போன முனிவர் ஒருவர் மெல்ல மெல்லக் கொலைகாரரான கதையையும் சொல்கிறாள். இராமன் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டான். ஆனாலும் அவள் வாதம் கெட்டுப்போகவில்லை, ஆயுதம் மட்டும் மாறியிருக்கிறது. கையில் கைப்பேசி இருப்பவருக்கு யானை ஒரு படமாகவே தெரிகிறது. கொஞ்சம் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட என்று மனம் சாய்கிறது. தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகள் தெரிந்ததும் பலர் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. படகின் குறைகளும் விசாரிக்கப்பட்டன, பழி முழுவதையும் பயணிகள் தலையில் போடுவது அநியாயம். ஆனாலும் பார்க்கும் ஆசைக்கு எடை உண்டு.

ஒரு விடுமுறையைப் போய் விரதம் ஆக்குகிறாயே என்று கடைசியாகக் கேட்பார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் தேக்கடி, தேனிலவுத் தம்பதிகள். இன்னொரு பக்கம் சபரிமலை, நாற்பத்தொரு நாள் மண்டல விரதமிருந்து நடக்கும் பக்தர்கள். ஒரே காடு. விரதம் இருந்தவர்கள் எல்லாம் காட்டுக்குக் கேடு செய்யாதவர்கள் என்று சொல்ல மாட்டேன், பம்பையின் தண்ணீரும் காட்டில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் அதற்கு எதிர்சாட்சி. ஆகவே பக்தியா உல்லாசமா என்பதில் பிரிவு இல்லை. தேக்கடிப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஒருகாலத்தில் வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்தவர்கள் 1990-களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாக மாறினார்கள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலரோடு சேர்ந்து சிறு குழுக்களைக் காட்டுக்குள் நடத்திப் போய்க் கூடாரத்தில் தங்க வைக்கிறார்கள். வருமானம் அவர்களுக்கும் காட்டின் காவலுக்கும் போகிறது. அங்கே ஆபத்து யாரிடமும் களவாகத் தள்ளப்படவில்லை. தெரிந்து, கூலி பேசி, எண்ணிக்கை கட்டுப்படுத்தி, எல்லோரும் பங்குபோட்டுக்கொண்ட ஆபத்து அது. இதில் மகிழ்ச்சிக்கு என்ன குறை?

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் நெருப்பில் கற்றது. 2018 மார்ச் 11, மாசிக் கடைசி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு தம்பதியும் அதில் உண்டு. அவர்களைப் பற்றி அறம் பேச யாருக்கும் அருகதை இல்லை, அவர்கள் நம்பிப் போனார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. அந்த வழிகாட்டிகளில் பழங்குடியினர் பலர். இப்படிப் போவதில் ஒரு சங்கடம் மட்டும் உண்டு, அது பஞ்சாங்கத்தோடு மோதும் சங்கடம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எல்லோரும் தைக்குக் காத்திருக்கிறோம். தையிலும் மாசியிலும் தாலி கட்டி, மறுவீடு முடித்து, பெட்டியைக் கட்டும்போது மலையில் புல் காய்ந்து தீக்காலம் தொடங்கியிருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். நம் முகூர்த்தத்துக்காகக் காடு நனைவதில்லை. அந்த நேரத்தில், எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், பின்வழியாகக் கூட்டிப்போவார் என்று ஒரு குரல் கேட்கும். அறக்கேள்வி உண்மையில் எழுவது அந்தத் தொலைபேசி அழைப்பில்தான்.

காத்திருக்க முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே காடு உண்டு. காலாப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் அங்கே பூரணை, புஷ்கலை இருவரோடும் இருக்கிறார், கோயிலைச் சுற்றி ஒரு தோப்பு. இந்தக் கரையோரத்துக்கே உரிய பசுமை மாறாத உலர்காட்டில் மிஞ்சிய துண்டு அது. 1955 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாரும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தாரும் வந்து மரங்களை எண்ணிப் போன இடம். உலக்கைப்பாலை, வீரை, காயா என்று கோடையிலும் இலை உதிராத மரங்கள். ஐயனார் காட்டில் குச்சி ஒடிக்கக் கூடாது என்ற அச்சத்தால் தப்பிய காடு. காத்து கருப்பு என்று ஆயா சொன்னதற்கும் இந்த அச்சத்துக்கும் வேர் ஒன்றுதான். ஒரு பக்கம் அது பெண்ணைக் கட்டியது, இன்னொரு பக்கம் மரத்தைக் காத்தது. எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்பதை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். புலி கிடையாது, ஜீப் கிடையாது. நண்பகலில் உள்ளே போனால் சாலையின் சத்தம் சட்டென்று அடங்கும்.

பொறுத்திருப்பவர்களுக்கு ஒரு தேதி இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். மலைப்பாதைகள் திறக்கும் அதே வாரத்தில் கடல் மூடுகிறது. சித்திரை பிறந்திருக்கும், படகுகள் கரையேறியிருக்கும், ஃபைபர் படகுகள் மட்டும் கிட்டத்திலேயே தொழில் பார்த்துத் திரும்பும். தையில் கல்யாணமான மீனவப் பையனுக்கு அந்த வருடத்தில் முதல்முறையாகக் கையில் நாள் இருக்கும், மனைவியோடு மேற்கே பஸ் ஏறலாம். மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் கடலுக்குள் இறங்காமல் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிப் பழகியவன் அவன். பதினைந்தாம் தேதிக்கு நான்கு நாள் முன்னால் ஒருவர் வந்து பின்வழி இருக்கிறது என்றால், அவர் என்ன சொல்கிறார் என்று அவனுக்கு உடனே விளங்கிவிடும்.